முதல் வேடம் யாருக்கு?

பிக்ஸார் நிறுவனம் 2022இல் வெளியிட்ட 'டர்னிங் ரெட்' படத்தின் கதை டொராண்டோவில் நடக்கிறது. சி.என். கோபுரம் வருகிறது, தெருவில் ஓடும் டிராம் வருகிறது, கடைசிக் காட்சிகளுக்கு ஸ்கைடோம் அரங்கம் வருகிறது. படத்தை இயக்கிய டோமி ஷி சீனாவில் பிறந்து டொராண்டோவில் வளர்ந்தவர். நாயகியின் தாய்க்குக் குரல் கொடுத்த சாண்ட்ரா ஓ ஒட்டாவா பகுதியில் பிறந்தவர். தோழி பிரியாவுக்குக் குரல் கொடுத்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் டொராண்டோவை ஒட்டிய மிசிசாகாவின் ஈழத்தமிழ்க் குடும்பம் ஒன்றின் மகள். ஆனால் படம் உருவானது கலிபோர்னியாவில். உரிமை டிஸ்னியிடம். கதையின் மையமான பதின்மூன்று வயதுச் சிறுமிக்குக் குரல் கொடுத்தவரும் கலிபோர்னியாக்காரர்தான். கனடாவின் சட்டப்படி இது கனடியப் படம் ஆகாது.

'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' தொடருக்கும் இதே நிலைதான். மார்கரெட் அட்வுட்டின் நாவல், டொராண்டோவிலும் அதைச் சுற்றியும் படப்பிடிப்பு, நூற்றுக்கணக்கான கனடியத் தொழிலாளர்கள். இருந்தும் முதலீடும் உரிமையும் அமெரிக்க நிறுவனங்களுடையவை என்பதால் அது வெளிநாட்டுத் தொடர். இந்த இரண்டையும் எடுத்துக்காட்டி, பழைய வரையறையைத் தூக்கி எறியச் சொல்பவர்கள் பலர். கனடியர் எழுதிய கதையைக் கனடிய மண்ணில் படமாக்கினால் அது கனடியப் படம் இல்லையா என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்கு எண்பது ஆண்டுகளாகத் தன் உறுப்பினர்களின் அனுபவத்திலிருந்து பதில் சொல்லிவரும் அமைப்பு ஒன்று உண்டு. அதன் சுருக்கப் பெயர் ஆக்ட்ரா. கனடியத் திரைப்பட, தொலைக்காட்சி, வானொலிக் கலைஞர்களின் கூட்டமைப்பு. ஆங்கிலத்தில் பதிவாகும் நிகழ்ச்சிகளில் நடிப்பவர்களின் தொழிற்சங்கமான அதில் 28,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

இந்தச் சங்கத்தின் நிலைப்பாட்டில் முதல் பார்வைக்கு ஒரு முரண் தெரியும். கனடாவில் நடக்கும் திரைத் தயாரிப்பின் மதிப்பில் ஏறக்குறைய பாதி வெளிநாட்டு நிறுவனங்களின் படப்பிடிப்பு, அதிலும் பெரும்பகுதி அமெரிக்காவுடையது. டொராண்டோவும் வான்கூவரும் பல ஆண்டுகளாக நியூயார்க்காகவும் சிகாகோவாகவும் வேடமிட்டு வருகின்றன. 'எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடரின் முதல் ஐந்து பருவங்கள் வான்கூவரில் எடுக்கப்பட்டன. 'சிகாகோ' என்றே பெயர் வைத்த 2002ஆம் ஆண்டுப் படம் டொராண்டோவில் எடுக்கப்பட்டது. இந்தப் படப்பிடிப்புகளால்தான் ஆக்ட்ரா உறுப்பினர் பலரின் அடுப்பு எரிகிறது. அப்படியிருக்க, சங்கத் தலைவர்கள் ஒட்டாவாவுக்குப் போய் நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்திக்கும்போதெல்லாம் முதலில் கேட்பது அமெரிக்கப் படப்பிடிப்புக்கான சலுகையை அல்ல. அதைவிட அளவில் சிறியதும் ஊதியத்தில் குறைந்ததுமான உள்நாட்டு நாடகத் தொடர்களுக்கும் படங்களுக்கும் சட்டப் பாதுகாப்பு கேட்கிறார்கள். குறைந்த செலவில் எடுக்கப்படும் கனடியப் படங்களுக்குச் சங்கமே தன் ஊதிய விகிதத்தைக் குறைத்துத் தரும் ஏற்பாடும் உண்டு. கூலி உயர்த்துவதற்காகவே இருக்கும் ஒரு சங்கம் ஒரு வகைப் படத்துக்கு மட்டும் தானே முன்வந்து கூலியைக் குறைக்கிறது என்றால், அந்தப் படத்தில் கூலிக்கு அப்பால் ஏதோ கிடைக்கிறது என்று பொருள்.

கிடைப்பது முதல் வேடம். அமெரிக்கத் தொடர் ஒன்று டொராண்டோவுக்கு வரும்போது அதன் நாயகன், நாயகி, வில்லன் ஆகியோர் பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலஸிலோ நியூயார்க்கிலோ முடிவாகியிருப்பார்கள். டொராண்டோவில் தேர்வு நடப்பது மருத்துவமனைத் தாதிக்கு, வாசலில் நிற்கும் போலீஸ்காரருக்கு, விடுதி வரவேற்பாளருக்கு. இரண்டு வரி வசனம், ஒரு நாள் வேலை. 2011 முதல் 2019 வரை ஓடிய 'சூட்ஸ்' டொராண்டோவை நியூயார்க்காகக் காட்டிய தொடர். அதன் இரு நாயகர்களில் ஒருவரான பேட்ரிக் ஜே. ஆடம்ஸ் டொராண்டோவில் பிறந்தவர்தான். ஆனால் லாஸ் ஏஞ்சலஸில் படித்து அங்கேயே நடிகராக நிலைபெற்றவர். சொந்த ஊரில் படமாகும் தொடருக்கு நாயகனாக வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தார். ஊரிலேயே தங்கிவிட்டவர்களில் எத்தனையோ திறமைசாலிகள் அதே தொடரில் ஒரு நாள் வேடங்களோடு வீடு திரும்பினார்கள். ஒரு நடிகர் இருபது ஆண்டுகள் தாதியாகவும் போலீஸாகவும் நடித்தாலும் ஒரு பாத்திரத்தை முழுதாகத் தாங்கி வளர்த்து முடிக்கும் பயிற்சி அவருக்குக் கிடைப்பதில்லை. அந்தப் பயிற்சி கனடியத் தொடரில்தான் கிடைக்கிறது.

தேசியப் பண்பாடு என்ற கொடிக்குப் பின்னால் வேலைப் பாதுகாப்பை ஒளித்துவைக்கிறார்கள் என்பது இந்தச் சங்கத்தின் மீது வழக்கமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு. வேலைப் பாதுகாப்பு அதில் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பண்பாடு என்ற ஒன்று அந்த வேலைக்கு வெளியே எங்கோ தனியாக நிற்கிறது என்று நான் நினைக்கவில்லை. ஒரு நாட்டின் நடிகர்கள் அந்த நாட்டிலேயே முதல் வேடம் ஏற்று நடித்துப் பழக வாய்ப்பிருக்கிறதா, எழுத்தாளர்களுக்குப் பத்து அத்தியாயம் எழுதிப் பழக இடமிருக்கிறதா என்பதைக் கழித்துவிட்டால், தேசியத் திரைப் பண்பாடு என்று சொல்ல மிஞ்சுவது அமைச்சர்களின் மேடைப் பேச்சு மட்டுமே.

இந்தச் சிக்கல் தொலைக்காட்சியோடு பிறந்ததல்ல, வானொலிக் காலத்தது. கனடிய மக்களில் மிகப் பெரும்பாலோர் அமெரிக்க எல்லையை ஒட்டிய குறுகிய பட்டையில் வாழ்பவர்கள். 1920களில் அவர்கள் வீட்டு வானொலிப் பெட்டியில் கேட்டதெல்லாம் பெரும்பாலும் அமெரிக்க நிலையங்களே. சர் ஜான் ஏர்ட் தலைமையில் அமைந்த அரசு ஆணையம் 1929இல் தந்த அறிக்கை, பொதுத்துறை ஒலிபரப்பு வேண்டும் என்றது. கிரகாம் ஸ்ப்ரை போன்றவர்கள், ஒலிபரப்பை அரசு எடுத்துக்கொள்ளாவிட்டால் அமெரிக்கா எடுத்துக்கொள்ளும் என்று நாடெங்கும் வாதாடினார்கள். 1936இல் பொதுத்துறை நிறுவனமான சி.பி.சி. பிறந்தது. 1943இல் டொராண்டோ வானொலி நடிகர்கள், தங்களுக்குக் கிடைத்த சொற்பத் தொகையை எதிர்த்து ஒன்றுகூடினார்கள். ஆக்ட்ரா தன் வயதை அந்த ஆண்டிலிருந்தே கணக்கிடுகிறது.

அடுத்த ஆண்டு சி.பி.சி.யில் ஆண்ட்ரூ ஆலன் 'ஸ்டேஜ்' என்ற வானொலி நாடக வரிசையைத் தொடங்கினார். ஆங்கிலக் கனடாவுக்குத் தொழில்முறை நாடக மேடை என்று சொல்லத்தக்கது அப்போது ஏறக்குறைய இல்லை. அந்த வரிசைதான் நாட்டின் நாடக அரங்காக இருந்தது. ஜான் டிரைனி போன்ற நடிகர்கள் அதில் வளர்ந்தார்கள். 1952இல் தொலைக்காட்சி வந்தது. அதன் பின் நடந்தது ஒரு நீண்ட புறப்பாடு. போர்க்காலத்தில் சி.பி.சி.யில் செய்தி வாசித்துப் புகழ்பெற்ற லார்ன் கிரீன், 1959 முதல் 'பொனான்சா'வில் நெவாடா பண்ணை முதலாளி ஆனார். வில்லியம் ஷாட்னர், கிறிஸ்டோபர் பிளம்மர், டொனால்ட் சதர்லாந்து என்று பட்டியல் நீளும். அவர்கள் போனதைக் குறை சொல்ல முடியாது. போகாமல் இருக்க விரும்பியவர்களுக்கு இங்கே என்ன இருந்தது என்பதே சங்கத்தின் கவலை.

இங்கே கியூபெக்கைப் பார்க்க வேண்டும். பிரெஞ்சு நடிகர்களின் சங்கமான 'யூனியோன் தெ ஆர்ட்டீஸ்ட்' 1937இல் மாண்ட்ரியாலில் தோன்றியது. 1958 டிசம்பர் இறுதியில் பிரெஞ்சு சி.பி.சி.யின் தயாரிப்பாளர்கள் சங்கம் அமைக்கும் உரிமை கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது நடிகர்கள் மறியல் வரிசையைத் தாண்டி உள்ளே போக மறுத்தார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்த அந்தப் போராட்டத்தின் முகமாக இருந்தவர்களில் ஒருவர் செய்தி விளக்க நிகழ்ச்சி நடத்திய ரெனே லெவெக். போராட்டத்தில் கைதான அவர் பின்னாளில் கியூபெக் தேசியவாதத்தின் தலைவராகி 1976இல் மாகாணத்தின் ஆட்சியைப் பிடித்தார். ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் தொழில் தகராறு ஒரு மக்களின் அரசியலுக்கு வித்திட்ட அரிய தருணம் அது. ஆங்கிலக் கனடாவில் அப்படியொன்று நடக்கவில்லை. காரணம் எளிது. கியூபெக்கை மொழி காக்கிறது. அங்கே மக்கள் அதிகம் பார்க்கும் தொடர்கள் உள்ளூர்த் தொடர்கள், அவற்றின் நடிகர்களைக் கடைத்தெருவில் அடையாளம் கண்டு சூழ்ந்துகொள்வார்கள். தமிழ் சினிமாவுக்கும் இந்தக் காப்பு உண்டு என்பதால் அது நமக்கு எளிதில் புரியும். ஆங்கிலக் கனடாவுக்கு அந்த மதில் இல்லை. அதே மொழி, ஏறக்குறைய அதே உச்சரிப்பு, பக்கத்து வீட்டில் உலகின் மிகப் பெரிய திரைத் தொழில். மதில் இல்லாத இடத்தில் விதிகளைத்தான் வேலியாக நட வேண்டியிருக்கிறது.

விதிகள் 1960களின் தொடக்கத்திலிருந்து வரத் தொடங்கின. தொலைக்காட்சி நேரத்தில் பாதிக்கு மேல் கனடிய நிகழ்ச்சிகளாக இருக்க வேண்டும் என்றார்கள். 1968இல் ஒளிபரப்பு ஒழுங்காற்று ஆணையமாகச் சி.ஆர்.டி.சி. உருவானது. நாளில் 60 சதவீதம் கனடிய நிகழ்ச்சி, தனியார் நிலையங்களுக்கு மாலை 6 முதல் நள்ளிரவு வரை 50 சதவீதம் என்று கணக்கு வகுக்கப்பட்டது. கணக்கு சரியாகவே நிறைவேறியது, உள்ளே இருந்தவைதான் செய்தியும் விளையாட்டும் மலிவான அரங்க நிகழ்ச்சிகளும். நாடகத் தொடருக்கு ஆகும் செலவு இவற்றைப்போலப் பல மடங்கு. நேரத்தை மட்டும் அளக்கும் விதி, செலவழிக்க விரும்பாத நிறுவனத்துக்கு வழியை அடைக்காது என்பதைச் சங்கம் அப்போதே கற்றது. அதன்பின் அது கேட்டதெல்லாம் நேரக் கணக்கு அல்ல, செலவுக் கணக்கு.

1972இல் வந்த இன்னொரு விதியை வெளியாட்கள் பலர் கவனிப்பதில்லை. என் கணிப்பில் ஆங்கிலக் கனடிய நாடகத்தின் கதியை முடிவுசெய்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. கனடிய நிலையம் ஒன்று ஓர் அமெரிக்கத் தொடரை வாங்கி, அமெரிக்க நிலையம் ஒளிபரப்பும் அதே நேரத்தில் தானும் ஒளிபரப்பினால், கேபிள் நிறுவனம் அமெரிக்க அலைவரிசையை அகற்றி அந்த இடத்தில் கனடிய அலைவரிசையை வைக்க வேண்டும். பார்ப்பவர் அமெரிக்கச் சேனலைத் திருப்பினாலும் கனடிய விளம்பரமே தெரியும். விளம்பரப் பணம் எல்லை தாண்டாமல் தடுக்க வந்த நல்ல நோக்கமுள்ள விதி. அதன் விளைவைப் பாருங்கள். இந்த லாபம் கிடைக்க வேண்டுமானால் அமெரிக்க நிலையத்தின் அதே நாள், அதே மணி. ஆக தனியார் நிலையங்களான சி.டி.வி.யும் குளோபலும் தங்கள் மாலை நேர அட்டவணையைத் தாங்களே வகுப்பதில்லை, நியூயார்க்கில் வகுத்ததை நிரப்புகின்றன. கனடியத் தொடருக்கு எஞ்சிய நேரம்தான். அமெரிக்கத் தொடரின் நாள் மாறினால் கனடியத் தொடர் அந்த வாரமே இடம் பெயரும். பார்வையாளருக்கு எந்த நாளில் எந்தத் தொடர் என்ற பழக்கமே உண்டாகாது. பிறகு கனடியத் தொடரை மக்கள் பார்ப்பதில்லை என்று அதே நிறுவனங்கள் ஆணையத்திடம் புள்ளிவிவரம் காட்டின.

திரைப்படத்தில் கதை வேறு வழியில் போனது. 1974இல் படத்தில் போட்ட பணம் முழுவதையும் வருமானத்திலிருந்து உடனே கழித்துக்கொள்ள அரசு அனுமதித்தது. பல் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் படத் தயாரிப்பில் பணம் போட்டார்கள். படங்கள் குவிந்தன. அவற்றில் பல எந்த ஊர் என்று தெரியாத அமெரிக்க நகரம் ஒன்றில் நடந்தன, பலவற்றில் நாயகர்கள் கலிபோர்னியாவிலிருந்து வந்து போனார்கள். பணம் மட்டும் கொட்டினால் தேசியத் திரைப்படம் முளைத்துவிடாது என்பதற்கு இதைவிடச் செலவு பிடித்த பாடம் கிடைக்காது.

எது கனடியப் படம் என்று தீர்மானிக்கும் புள்ளி முறை அந்தக் காலத்தில் உருவானதே. மொத்தம் பத்துப் புள்ளிகள். இயக்குநருக்கு இரண்டு, திரைக்கதை ஆசிரியருக்கு இரண்டு. முதல் நடிகர், இரண்டாம் நடிகர், கலை இயக்குநர், ஒளிப்பதிவாளர், இசையமைப்பாளர், படத்தொகுப்பாளர் ஆகியோருக்கு ஒவ்வொன்று. ஆறு புள்ளியாவது வேண்டும். தயாரிப்பாளர் கனடியராக இருக்க வேண்டும், இயக்குநர் அல்லது எழுத்தாளர் ஒருவராவது கனடியராக இருக்க வேண்டும், அதிக ஊதியம் பெறும் முதல் இரு நடிகர்களில் ஒருவர் கனடியராக இருக்க வேண்டும். கதை எங்கே நடக்கிறது, எதைப் பற்றியது என்று இந்த முறை கேட்பதே இல்லை. கேலிக்கு ஆளாகும் இடம் இதுதான். ஆனால் இதில் ஒரு பெரிய அறிவு இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கதை கனடியத் தன்மை உடையதா என்று ஓர் அரசு அதிகாரி தீர்ப்பளிக்கத் தொடங்கினால் அது தணிக்கையின் வாசல். செய்பவர் யார் என்று மட்டும் கேட்டால், அவர் விரும்பிய கதையைச் செவ்வாய்க் கிரகத்தில்கூட வைத்து எழுதலாம்.

ஆக்ட்ராவின் பார்வையை வடித்ததில் இன்னொரு வரலாறும் உண்டு. பல பத்தாண்டுகள் நடிகர்களும் திரை எழுத்தாளர்களும் இதே சங்கத்தில் ஒன்றாக இருந்தார்கள். எழுத்தாளர்கள் 1990களில் தனிச் சங்கமானார்கள். நாட்டின் தொலைக்காட்சிக்கான விருதுகளையும் 1970களில் தொடங்கி 1986இல் கனடியத் திரை அகாதமி ஏற்றுக்கொள்ளும் வரை ஆக்ட்ராவே வழங்கி வந்தது. எழுத்தாளருக்கு வேலை இல்லையென்றால் நாளை நடிகருக்கும் இல்லை என்ற புரிதல் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த காலத்தில் வந்தது. இன்றும் இயக்குநர், எழுத்தாளர் சங்கங்களோடு சேர்ந்தே அது ஆணையத்தின் முன் நிற்கிறது.

சங்கத்தின் பொதுவாழ்வில் மிகக் கசப்பான ஆண்டு 1999. அந்த மே மாதம், இணையத்தை ஒழுங்குபடுத்துவதில்லை என்று சி.ஆர்.டி.சி. முடிவு செய்தது. அடுத்த மாதமே புதிய தொலைக்காட்சிக் கொள்கை வந்தது. அதில் தனியார் நிலையங்கள் கனடிய நிகழ்ச்சிகளுக்கு இவ்வளவு செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனை நீங்கியது. மாலை நேரத்தில் முன்னுரிமை நிகழ்ச்சிகள் வாரத்துக்கு எட்டு மணி நேரம் என்று மட்டும் சொல்லி, திரை நட்சத்திரங்களைப் பற்றிய சினிமாச் செய்தி நிகழ்ச்சிகளையும் அந்த வகையில் சேர்த்துவிட்டார்கள். ஹாலிவுட் நடிகரைப் பேட்டி கண்டாலும் கனடியக் கடமை தீர்ந்தது. நடிகர்கள் பயந்ததே நடந்தது. ஒரு மணி நேர ஆங்கில நாடகத் தொடர்களின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே போனது. 2003இல் திரைத் தொழிலாளர் சங்கங்கள் கூட்டாக ஆய்வறிக்கை தயாரித்தன, நடிகர்கள் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள், தொலைக்காட்சியில் தெரிந்த முகங்கள் ஆணைய அமர்வுகளில் சட்டப் பிரிவுகளை எண் சொல்லி வாதாடின. செலவு நிபந்தனை மீண்டும் வர 2010 ஆனது. அப்போது பெரிய ஆங்கில ஒளிபரப்புக் குழுமங்கள் வருவாயில் 30 சதவீதத்தைக் கனடிய நிகழ்ச்சிகளுக்கும், அதற்குள் குறைந்தது 5 சதவீதத்தை நாடகம், ஆவணப்படம் போன்றவற்றுக்கும் ஒதுக்க வேண்டும் என்றானது.

அதுவும் நிலைக்கவில்லை. 2017 மே மாதம் உரிமங்களைப் புதுப்பித்தபோது அதுவரை அதிகமாகச் செலவழித்து வந்த குழுமங்களுக்கும் ஆணையம் அதே 5 சதவீதத்தை விதித்தது. நாடகத்துக்கான பணம் குறையும் என்று சங்கங்கள் அமைச்சரவையிடம் முறையிட்டன. ஆகஸ்டில் அமைச்சரவை அந்த முடிவைத் திருப்பி அனுப்பியது. அடுத்த ஆண்டு ஆணையம் பெல் நிறுவனத்துக்கு 7.5 சதவீதம், கோரஸுக்கு 8.5 சதவீதம் என்று உயர்த்தியது. இரண்டு மூன்று சதவீதப் புள்ளிகளுக்கு ஓராண்டுப் போராட்டமா என்று தோன்றலாம். ஒரு தொடர் பிறப்பதும் பிறக்காததும் அந்தப் புள்ளிகளில்தான் இருக்கிறது.

1999இன் மற்ற முடிவு, இணையம் பற்றியது, இன்னும் நீண்ட நிழலை வீழ்த்தியது. அதன் முதல் அடையாளத்தை 2007இல் கண்டோம். அந்த ஜனவரி 8 அன்று ஆக்ட்ரா தன் 64 ஆண்டு வரலாற்றில் முதல்முறையாக வேலைநிறுத்தத்தில் இறங்கியது. இணையத்தில் ஓடும் படைப்புக்கு நடிகருக்குப் பங்கு உண்டா என்பதே மையப் பிரச்சினை. பிப்ரவரியில் உடன்பாடு வந்தது. அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்க எழுத்தாளர்களும் இதே கேள்விக்காகத் தெருவில் இறங்கினார்கள். கனடிய நடிகர்கள் அதை அவர்களுக்கு முன்பே கேட்டிருந்தார்கள்.

2010களில் நெட்ஃபிளிக்ஸ் கனடிய வீடுகளில் வேரூன்றியபோது கேபிள் நிறுவனங்கள் வருவாயில் ஒரு பங்கைத் தயாரிப்பு நிதிக்குச் செலுத்தின, நெட்ஃபிளிக்ஸ் எந்தக் கடமையும் இல்லாமல் இயங்கியது. 2017இல் அந்த நிறுவனம் ஐந்தாண்டில் 50 கோடி டாலர் கனடாவில் செலவழிக்கும் என்று அரசு பெருமையாக அறிவித்தது. கனடியர் எழுதி, கனடியர் முதல் வேடம் ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. படப்பிடிப்புச் செலவும் பண்பாட்டு முதலீடும் ஒன்று என்று அமைச்சர்களே நம்பும் அளவுக்குக் குழப்பம் ஊறியிருந்தது. பின்னர் இத்தகைய நிறுவனங்களையும் சட்டத்துக்குள் கொண்டுவர முயன்ற ஒரு மசோதா 2021 தேர்தலால் காலாவதியாகி, மறு மசோதா 2023 ஏப்ரல் 27 அன்று சட்டமானது. ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் முதல்முறையாக ஒளிபரப்புச் சட்டத்தின் கீழ் வந்தன.

சங்கம் அதை வரவேற்றது, முழு மனத்தோடு அல்ல. சட்டத்தின் மூன்றாம் பிரிவில் இரு அளவுகோல்கள் இருக்கின்றன. கனடிய ஒளிபரப்பாளர் கனடியக் கலைஞர்களை இயன்ற மட்டும், எப்படியும் பெரும்பான்மையாகப் பயன்படுத்த வேண்டும். வெளிநாட்டு இணைய நிறுவனம் நடைமுறைக்கு ஏற்ற அதிகபட்ச அளவு பயன்படுத்தினால் போதும். அந்த ஒரு வரியில் நாளைய நாயகன், நாயகி யார் என்பது அடங்கியிருக்கிறது. 2024 ஜூன் மாதம், கனடாவில் 2.5 கோடி டாலருக்கு மேல் வருவாய் உள்ள ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் அதில் 5 சதவீதம் செலுத்த வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது. ஆண்டுக்குச் சுமார் 20 கோடி டாலர் வரும் என்பது மதிப்பீடு. அமேசான், ஆப்பிள், ஸ்பாட்டிஃபை முதலிய நிறுவனங்கள் வழக்குத் தொடர்ந்தன. டிசம்பரில் நீதிமன்றம் செலுத்துவதை நிறுத்திவைத்தது. கனடிய நிகழ்ச்சி என்பதன் வரையறையையே ஆணையம் மறுபடி ஆராய முற்பட்டபோது, செயற்கை நுண்ணறிவு எழுதியதையும் நடித்ததையும் புள்ளிக் கணக்கில் சேர்க்கலாமா என்ற கேள்வியும் எழுந்தது. முக்கியப் படைப்புப் பொறுப்புகளில் மனிதர்களே இருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் தொடக்கக் கருத்தாக இருந்தது. நடிகர்கள் கேட்டதும் அதுவே.

அமெரிக்கப் படப்பிடிப்பை நம்பிய வாழ்வின் ஆபத்தை 2023 காட்டியது. ஹாலிவுட் நடிகர்களின் வேலைநிறுத்தம் ஜூலை 14 முதல் நவம்பர் 9 வரை 118 நாள் நீடித்தது. டொராண்டோவிலும் வான்கூவரிலும் படப்பிடிப்புத் தளங்கள் மூடிக் கிடந்தன. ஆக்ட்ரா அந்தப் போராட்டத்தை ஆதரித்தது, அதன் உறுப்பினர்களே வேலையிழந்தார்கள். தங்களுக்கு வாக்கு இல்லாத ஒரு நாட்டின் பேச்சுவார்த்தை மேசையில் தங்கள் வாடகைப் பணம் முடிவானதைக் கனடிய நடிகர்கள் அந்தக் கோடை முழுவதும் கண்டார்கள். 2025 மே மாதம் அமெரிக்க அதிபர், வெளிநாட்டில் எடுக்கப்படும் படங்களுக்கு 100 சதவீதத் தீர்வை என்று அறிவித்தபோது அந்த அச்சம் திரும்ப வந்தது. பண்பாட்டைப் பாதுகாக்க நாடுகளுக்கு உரிமை உண்டு என்ற யுனெஸ்கோ ஒப்பந்தத்தை 2005இல் முதலில் ஏற்றுக்கொண்ட நாடு கனடா. ஆயினும் அமெரிக்காவுடனான வர்த்தக உடன்படிக்கையில் பண்பாட்டுக்கு விலக்கு என்று ஒரு வரியும், அந்த விலக்கைப் பயன்படுத்தினால் அதே மதிப்புக்குப் பதிலடி கொடுக்கலாம் என்று அடுத்த வரியும் சேர்ந்தே இருக்கின்றன.

இவ்வளவு சொன்ன பின்பும் ஒரு கேள்வி சங்கத்தை நோக்கியே திரும்ப வேண்டும். முதல் வேடம் கனடியருக்கு என்றால், எந்தக் கனடியருக்கு? இன்ஸ் சோய் எழுதிய நாடகத்திலிருந்து வந்த 'கிம்ஸ் கன்வீனியன்ஸ்' (2016–2021), டொராண்டோ கொரியக் குடும்பம் ஒன்றின் கடையை மையமாக வைத்து ஐந்து பருவங்கள் ஓடியது. கனடிய விதிகள் இல்லாவிட்டால் பிறந்தே இருக்காத தொடர் அது. அதில் வளர்ந்த சிமு லியூ பின்னர் மார்வெல் நாயகனானார். அவரே, தொடரின் எழுத்தாளர் அறையில் கிழக்காசியர்களும் பெண்களும் போதிய அளவு இல்லை என்று வெளிப்படையாக வருத்தப்பட்டார்.

தமிழர் அனுபவம் இன்னும் கூர்மையானது. மைத்ரேயி ராமகிருஷ்ணனுக்கு முதல் வேடம் கொடுத்தது நெட்ஃபிளிக்ஸின் 'நெவர் ஹேவ் ஐ எவர்' (2020). 15,000 பேரிலிருந்து தேர்வான அந்த மிசிசாகாப் பெண், கலிபோர்னியாவில் வாழும் தமிழ்க் குடும்பத்துச் சிறுமியாக நடித்தார். டொராண்டோப் பெருநகரில் வாழும் பெரும் தமிழ்ச் சமூகத்திலிருந்து உலகம் அறிந்த முகம் வர அமெரிக்கக் கதை ஒன்று தேவைப்பட்டது. அதே ஆண்டு, ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்' நாவலைத் தீபா மேத்தா படமாக்கினார். அரசு நிறுவனமான டெலிஃபிலிமின் நிதி, கனடிய இயக்குநர், கனடிய எழுத்தாளர், கனடாவின் ஆஸ்கர் பரிந்துரை. பிறமொழிப் பிரிவில் நுழைய ஆங்கிலம் அதிகம் என்று ஆஸ்கர் அகாதமி மறுத்தது வேறு கதை. 1983 கலவரத்தில் வீடு எரிந்த கொழும்புத் தமிழ்க் குடும்பத்தின் பாத்திரங்கள் பலவற்றில் தமிழர் அல்லாதவர்கள் நடிக்க, அவர்கள் பேசிய தமிழ் தமிழ்க் காதுகளை நோகடித்தது. தமிழ்க் கனடிய நடிகர்களும் எழுத்தாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்கள் கேட்டது, ஆக்ட்ரா எண்பது ஆண்டுகளாக ஹாலிவுட்டிடம் கேட்பதையே: எங்கள் கதை என்றால் அதில் நாங்கள் ஏன் இல்லை?

புள்ளி முறை குடியுரிமையையும் நிரந்தர வதிவுரிமையையும் பார்க்கிறது, மொழியையும் வாழ்வையும் பார்ப்பதில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மேலே வாதாடினேன், அதிலிருந்து பின்வாங்கவும் இல்லை. அரசு அலுவலகம் தமிழ்த்தன்மையை அளக்க வேண்டாம். ஆனால் இதற்கு வேறு வழி இருக்கிறது என்பதை அந்தக் கசப்பான 1999ஆம் ஆண்டே காட்டியது. ஒரு கொள்கையால் நாடகத் தொடர்களை வற்றச் செய்த அதே ஆணையம், பூர்வகுடி மக்களுக்கான ஏ.பி.டி.என். தொலைக்காட்சியை எல்லாக் கேபிள் வீடுகளுக்கும் கட்டாயம் கொண்டுசேர்க்க உத்தரவிட்டது. ஒவ்வொரு சந்தாதாரரும் செலுத்தும் சிறு தொகையில் அந்தச் சேனல் செப்டம்பரில் தொடங்கியது. கதையை யாரும் தணிக்கை செய்யவில்லை. முடிவெடுக்கும் நாற்காலியில் பூர்வகுடி மக்களே அமர்ந்தார்கள், நடிகர் தேர்வும் எழுத்தாளர் தேர்வும் அவர்கள் கையில் வந்தன. ஸ்ட்ரீமிங் நிறுவனங்களிடமிருந்து பணம் வரும் நாளில், அதை எந்தத் தயாரிப்பாளரிடம், எந்த எழுத்தாளர் அறையிடம் கொடுப்பது என்ற பேச்சில் ஆக்ட்ராவின் தமிழ், கொரிய, கரீபிய, பூர்வகுடி உறுப்பினர்களுக்கு இடம் வேண்டும். டொராண்டோவின் ஸ்கார்பரோவில் நடக்கும் ஒரு தொடரின் நாயகிக்கு நடிகையைத் தேடும் வேலை ஸ்கார்பரோவிலேயே தொடங்கி அங்கேயே முடிய, சங்கம் அடுத்துக் கேட்க வேண்டிய விதி அதுவே.